நீ சொன்னதால் நடக்கிறான்

அன்புள்ள தம்பி நிசார் அகமதுக்கு,

கடத்தூர் பக்கம் காட்டுக்கொட்டாயிலிருந்து குருவின் தாத்தா தீர்த்தகிரி சொல்ல, பேத்தி ஐஸ்வர்யா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். பெங்களூரில் நீயும், தருமபுரியில் உன் அம்மா அஸ்கரி பேகமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கணும் என்று விளக்கு வைக்கிற நேரமெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

போன் இருக்கிறபோது எதுக்குக் கடுதாசி என்று நீ கேட்பாய். போனில் நான் நன்றி என்று வாயெடுத்தாலே, இருக்கட்டுங்க தாத்தா, வேலையில இருக்கேன் என்று வைத்துவிடுகிறாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பார்த்ததையும் கேட்டதையும் மறந்தவன் இல்லை. நான் சொல்கிறபடியே எழுது என்றுதான் ஐஸ்வர்யாவிடம் சொல்லியிருக்கிறேன். நடுவில் பள்ளிக்கூடத்துத் தமிழ் வந்தால் அது அவள் வேலை.

முதலில் நல்ல சேதி. குரு நடக்கிறான். நேற்று தடி இல்லாமல் மாந்தோப்பு வரைக்கும் போய் வந்தான். வரப்பில் ஓர் இடத்தில் தடுமாறினான், விழவில்லை. நான் பின்னாலேயே போனதைப் பார்த்துவிட்டு, என்ன தாத்தா மாடு ஓட்டுற மாதிரி வர்றீங்க என்று கேட்டான். கிண்டல் பண்ணுகிற அளவுக்குத் தேறிவிட்டான் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானை அவனே போடுகிறான். பாதத்தில் மரப்பு இன்னும் இருக்கிறது. அது மெல்லத்தான் போகும், கொஞ்சம் போகாமலே நின்றாலும் நிற்கலாம் என்று தருமபுரி டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நின்றால் நிற்கட்டும். ஆள் நிற்கிறானே, அது போதும்.

நீ வந்த அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். அதுக்கு முன்னால் இந்த வூட்டில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்தால்தான் நீ எந்த நேரத்தில் வந்து சேர்ந்தாய் என்பது உனக்கே விளங்கும்.

நாங்கள் புளி உலுக்கிக்கொண்டிருந்த சமயம் குரு பெங்களூரிலிருந்து லீவு என்று வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவன் வாசலில் நிற்கிறான், ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கேடா இன்னொண்ணு என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவனுக்கே தெரிகிறது. போய்த் தேடினேன், தார் ரோட்டிலேயே கிடந்தது. வெயிலில் அந்த ரோட்டில் எருமைகூடக் கால் வைக்காது, இவன் வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான், சூடு உறைக்கவில்லை. கேட்டதற்கு, மைதா மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது, அதுதான் காலுக்கு இறங்கியிருக்கு என்றான். உன்னோடு கேக் கடையில் வேலை செய்கிறவன் மூட்டை தூக்கியிருப்பான் என்று நாங்களும் நம்பினோம். டாக்டரிடம் போனபோதும் அதையே சொன்னான். அவர் அதுக்கு மாத்திரை கொடுத்தார். இவன் சொன்ன வியாதிக்கு அவர் வைத்தியம் பார்த்தார், அவர் மேல் தப்பு இல்லை.

நாளாக நாளாக மோசமானது. பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு என்பான். முகத்துக்கு சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவான், அதனால் என் மருமகள், அவன் அம்மா பாஞ்சாலி பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொள்வாள். இருபத்துமூன்று வயசுப் பையன். என் மகன் பூவரசன் போர்வெல் போடுகிற வண்டியோடு வடக்கே போய்விட்டவன், தீபாவளிக்குத்தான் வருவான். வூட்டில் அவளும் நானும் இதை எழுதுகிற சின்னப் பெண்ணும். பாஞ்சாலி எத்தனை பேரைத்தான் கேட்பாள். கடைசியில் குலசாமி பச்சையம்மனிடம் போய் நின்றாள். பையன் எழுந்து நடக்கிறவரைக்கும் இந்த வூட்டில் கவுச்சி இல்லை என்று வேண்டிக்கொண்டாள். கறி, முட்டை, கருவாடு எதுவும் படியேறக் கூடாது. குருவுக்கு ஒரு வேளை களியும் கீரையும்தான், பால்கூடக் கிடையாது. சுத்தமாக இருந்தால் அம்மன் இரங்குவாள் என்று அவனைப் பத்தியம் போல வைத்திருந்தாள். அவன் தேறவில்லை என்றதும் இன்னும் கெட்டியாக்கினாள், மோரையும் நிறுத்தினாள். நானும் சரி என்றுதான் சொன்னேன். அந்தப் பக்தியே அவன் காலை இன்னும் கட்டிப்போட்டுக்கொண்டிருந்தது என்று எங்களில் யாருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லணும். அவன் பையைத் துவைக்க எடுத்தபோது சின்னச் சின்ன வெள்ளி நிறக் குப்பிகள் கிடைத்தன, கட்டைவிரல் நீளம், உள்ளே காலி. மிஷின் சாமானாக்கும், கம்பெனிக்காரன் திருப்பிக் கேட்பான் என்று பாஞ்சாலி அதையெல்லாம் கழுவித் துடைத்து, ஒரு டம்ளரில் போட்டு சாமி மாடத்தில் பத்திரமாக வைத்தாள். பொட்டு வைக்காததுதான் குறை. பம்புசெட் ரூமுக்குப் பின்னால் பலூன் கிடந்ததை நான் பார்த்தேன். இந்த வூட்டில் பலூன் ஊதுகிற வயசுக் குழந்தை இல்லை. எந்தத் திருவிழாவிலிருந்தோ காற்றில் வந்திருக்கும் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். தம்பி, நான் சாராயம் குடித்தவனையும் பார்த்திருக்கிறேன், கஞ்சா இழுத்தவனையும் பார்த்திருக்கிறேன். வாசம் காட்டிக்கொடுக்கும், இல்லாவிட்டால் கண் காட்டிக்கொடுக்கும். இதில் வாசமும் இல்லை, சிவப்பும் இல்லை. நான் எதை வைத்துக் கண்டுபிடிப்பேன்.

அப்படி இருக்கிற வூட்டுக்குத்தான் நீ உன் அம்மா கொடுத்த கறிச்சோற்றுக் கேரியரோடு வந்து நின்றாய். பச்சைக் கோடு போட்ட சட்டை, அதில் மேல் பொத்தான் மட்டும் வேறு நிறம். கேரியரைத் திறந்ததும் பாஞ்சாலி பாம்பைக் கண்டவள் மாதிரி எட்டிப் போனாள். நீ முகம் செத்துப் போய் அதை வாசல் முருங்கையில் மாட்டினாய். பக்கத்துக் கொட்டாய் வூட்டுக் கருப்பண்ணன் நாய் அன்றைக்குச் சாப்பிட்டதை இன்னும் மறக்கவில்லை. யார் பையோடு வந்தாலும் அந்த முருங்கை மரத்தடிக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வந்த கோலத்திலேயே நீ திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, தாத்தா, இது முதுகு வலி இல்லைங்க, கிரீமை நுரைக்க வைக்கிற காஸை பலூன்ல பிடிச்சு இழுக்கறான், மாசக்கணக்கா இழுக்கறான் என்று சொன்னாய். காஸ் என்றதும் நான் அடுப்பு சிலிண்டரை நினைத்துப் பயந்தேன். அது இல்லைங்க, இழுத்தா கொஞ்ச நேரம் சிரிப்பு வரும், தலை மிதக்கிற மாதிரி இருக்கும், உடனே இறங்கிடும், அதனால மறுபடி மறுபடி கேட்கும் என்று நீ விளக்கினாய். உள்ளே படுத்திருந்த குரு சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கோள்மூட்டத்தான் கறிச்சோறு கட்டிக்கிட்டு வந்தியா என்றான். நீ மட்டும் ரொம்ப யோக்கியனா, நீயும் இழுத்தவன்தானே என்றான். நீ தலையைக் குனியவில்லை. ஆமா, நானும் இழுத்தேன், எழுந்து நின்னதும் கண் இருட்டி ஓவன் மேல விழப் போனேன், அதோட விட்டேன் என்று எங்கள் முன்னாடியே சொன்னாய். அந்த இடத்தில்தான் நான் உன்னை நம்பினேன். பொய் சொல்ல வந்தவன் தன்னையும் சேர்த்துச் சொல்லமாட்டான்.

பாஞ்சாலி உள்ளே போய், மாடத்திலிருந்த டம்ளரை எடுத்து வந்து உன் முன்னால் வைத்தாள். இதுவா என்று கேட்டாள். நீ தலையாட்டினாய். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எத்தனை விதமாகக் கேட்டும் குரு வாயைத் திறக்கவில்லை. அங்கேயும் நீதான் சொன்னாய். குரு உன்னை வெளியே போய் நிற்கச் சொன்ன பிறகும் கதவோரத்தில் நின்று சொன்னாய். அதற்குப் பிறகுதான் அந்தம்மா வேறு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். நரம்புக்கு ஒரு சத்து வேண்டும், பி டுவெல்வ் என்று பேர், இந்தக் காஸ் அதை உடம்புக்குள்ளேயே வேலை செய்யவிடாமல் ஆக்கிவிடுகிறது, அது கறியிலும் ஈரலிலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது என்று சொன்னார். நீங்க என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க என்று பாஞ்சாலியைக் கேட்டார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்தம்மா திட்டவில்லை. உங்களால வந்தது இல்லைம்மா, காஸால வந்தது, இப்போ ஊசி போடணும், நல்லா சாப்பிடணும், எல்லாத்துக்கும் மேல காஸை விடணும், இழுத்துக்கிட்டே இருந்தா ஊசி பலிக்காது என்றார். இன்னும் தாமதமாக வந்திருந்தால் சக்கர நாற்காலிதான் என்பதை எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார். இழுக்கிறபோதே மூச்சு நின்று போன பிள்ளைகளும் உண்டு என்றார். அதை நான் பாஞ்சாலிக்கு இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடுதாசியால் ஐஸ்வர்யாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா.

வூட்டுக்கு வந்ததும் வேண்டுதல் என்னாவது என்று பாஞ்சாலிக்கு ஒரே தவிப்பு. சாமிக்குச் சொன்ன வாக்கு. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நேர்ந்துகிட்டது நான்தானே, நான் இருந்துக்கறேன், அவன் சாப்பிடட்டும் என்றாள். கால் முழுசாகத் தேறட்டும் என்று இன்றைக்கும் அவள் கவுச்சி தொடுவதில்லை. ஆனால் தினம் ஈரல் வறுக்கிறாள், முட்டை அவிக்கிறாள். முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, ருசி பார்க்காமல். ஒருநாள் உப்புக் கரிக்கும், ஒருநாள் உப்பே இருக்காது. குரு குறை சொல்லாமல் சாப்பிட்டுவிடுகிறான். பிறகு உன் அம்மாவுக்குப் போன் போட்டு உப்புக்கு என்ன அளவு என்று கேட்டாள். அஸ்கரி பேகம் ஈரலுக்கு மட்டும் இல்லாமல் எலும்பு ரசத்துக்கும் சொல்லிக்கொடுத்தாராம். இப்போது ரெண்டு பேரும் வாரத்தில் பாதி நாள் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால், பொம்பளைங்க பேச்சு, மாமா என்கிறாள். உன் வூட்டு ருசி எங்கள் அடுப்பில் வேகிறது, தம்பி. இதற்கெல்லாம் நன்றி என்ற ஒரு சொல் பத்தாது. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஏன்டா இழுத்தே என்று குருவை ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். நாள் முழுக்க கேக் கடையில் அந்தச் சின்ன அறைக்குள் நின்றுகொண்டு, கத்தலும் மிஷின் சத்தமும், அதை இழுத்தால் எல்லாச் சத்தமும் தூரத்துக்குப் போகும் தாத்தா என்றான். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. இப்போ மனசு அதைக் கேட்குதா என்றேன். சில நாள் கேட்குது என்றான். அவன் பொய் சொல்லாமல் அதைச் சொன்னதே பெரிய சங்கதி. ஆனால் அன்றையிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

ஏனென்றால் அவன் ஆடி பிறப்பதற்குள் பெங்களூருக்குத் திரும்புகிறான். கேக் கடைக்கு இல்லை, மாதவராஜ் என்பவரின் துணிக் குடோனில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஊசி அங்கேயும் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டிப்போட முடியாத வயசு. இங்கே இருந்தால் அவனை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அவன் வாசலைத் தாண்டினால் எந்தக் கடையில் எது விற்கிறது என்று எனக்கு என்ன தெரியும்.

நீ அழைத்தால் அவன் போனை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். கோபத்தால் இல்லை. எந்த மூஞ்சியோட அவன்கிட்டப் பேசறது என்று பாஞ்சாலியிடம் சொல்லியிருக்கிறான். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்தபோது, நிசாருக்குத்தான்டா, உனக்கு ஏதாவது எழுதணுமா என்று கேட்டேன். வாசலில் நின்றுகொண்டே இருந்தான். ஐஸ்வர்யா விலாசத்தைச் சொன்னதும், அந்தத் தெரு இல்லை, மசூதிக்குப் பின்னால ரெண்டாவது குறுக்குத் தெரு, மாடி அறை என்று திருத்திவிட்டு உள்ளே போய்விட்டான். அவனாக எழுதினது அவ்வளவுதான். அதையும் இந்தக் கடுதாசியோடு சேர்த்து வைத்துக்கொள்.

இப்போது நான் கேட்கிறதைக் கேள். அவன் பொம்மிடியில் ரயில் ஏறுகிற நாளை ஐஸ்வர்யா உனக்குச் சொல்வாள். அவன் பேசாவிட்டாலும் நீ போய்ப் பார். சேர்ந்து ஒரு வேளை சாப்பிடு, முட்டையாவது வாங்கிக் கொடு. கை நடுங்குகிறதா, நடை மாறுகிறதா என்று கண்ணை வைத்திரு. ஏதாவது தப்பாகத் தெரிந்தால் நேரே இங்கே வந்துவிடு. போன தடவையைவிட மோசமாக வைவான். கோள்மூட்டி என்பான், இன்னும் என்னவோ சொல்வான். நட்பே வேண்டாம் என்பான். வைதால் வையட்டும், நீ வந்து சொல்லு. அப்போது நான் இல்லாவிட்டால் பாஞ்சாலியிடம் சொல்லு. அவள் உன்னை வாசலில் நிற்க வைக்கமாட்டாள்.

உன்னை அவனுக்குக் காவல் போடுகிற உரிமை எனக்கு இல்லை, தம்பி. நீயும் யாரோ பெற்ற பிள்ளை, உனக்கும் வேலை இருக்கிறது, கவலை இருக்கிறது. இருந்தும் கேட்கிறேன், உன்னைத் தவிர அங்கே கேட்பதற்கு எனக்கு ஆள் இல்லை.

உன் கையும் காலும் எந்நாளும் திடமாக இருக்கட்டும். உன் மூச்சு சுத்தமாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடத் தெரியாததால் கீழே என் பெருவிரலை வைத்திருக்கிறேன்.

உன் தாத்தா என்றே நினைத்துக்கொள்ள வேண்டிய,
தீர்த்தகிரி