யார் ரொம்ப உப்பு?

பிப்ரவரி 3, திங்கள்

"இதயம் எங்கே இருக்கு?" என்று கேட்டால் இந்த மலையாள ஊர் நர்சரியின் பிள்ளைகள் சுவரில் தொங்கும் சார்ட்டைக் காட்டுகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பதினொரு பேரையும் பக்கத்தில் மூடிக் கிடக்கும் சுக்கு குடோனின் முற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். மூன்று சுற்று ஓட்டம். பிறகு நெஞ்சில் கை. அப்புறம் ஒரே கூச்சல் — "டீச்சர், உள்ளே யாரோ குதிக்கிறாங்க!"

நாலு வயது ஸுப்ரியா சாப்பிடும்போதும் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "விட்டா நின்னுடும்" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

நர்சரி நடத்தும் ஓமனா சேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "எந்தா சுபா, இது ஸ்கூலோ உத்ஸவமோ? ஒரு குட்டி நின்னு போயாலும் உன்னை வைக்க முடியாது, கேட்டோ." என்னை ஒரு மாதம் பார்க்கிறேன் என்றுதான் சேர்த்தார். அந்த மாதம் அடுத்த திங்களோடு முடிகிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

முட்டியை மடக்காமல் ஓட முடியுமா என்று பார்த்தோம். முடியாது. பதினொரு பேரும் நானும் விழுந்து புரண்டோம்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று வேர்வைப் பாடம். ஓடி முடித்ததும் அவரவர் கையை அவரவர் நக்கிப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கண்கள் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே!

"யாரு டீச்சர் உள்ள உப்பு போட்டது?"

நாம் சாப்பிடும் உப்புதான், உடம்பு சூடானால் தண்ணீரோடு வெளியே வந்து நம்மைக் குளிரவைக்கும், ரொம்ப வேலை செய்தால் ரொம்ப வரும் என்றேன். உடனே 'யார் ரொம்ப உப்பு' என்று போட்டி. என்ன வேலை இது! சம்பளமும் தருகிறார்கள்!

பிப்ரவரி 7, வெள்ளி

மாட்டிக்கொண்டேன்.

காலையிலேயே ஸுப்ரியாவின் அம்மா வீரலட்சுமி வந்து நின்றார். ஹோட்டலில் வேலை; கையில் வெங்காய வாசனைகூடப் போகவில்லை. "எம்புள்ளைக்கு ஊர நக்கவா டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க?"

ஸுப்ரியா நேற்று அம்மா கையில் ஆரம்பித்து, சாயாக்கடை சேட்டன் கை வரைக்கும் ருசி பார்த்திருக்கிறாள். கடைசியாக அப்பா. பாண்டியராஜன் களமசேரியில் கான்கிரீட் வேலை முடித்து, குளிக்காமல் வந்துகொண்டிருந்தார். நடுச்சந்தில் அவர் கையை நக்கிவிட்டு, "எங்கப்பாதான் ஃபர்ஸ்ட்டு! எங்கப்பாதான் ரொம்ப உப்பு!" என்று கத்தினாளாம். சந்தே சிரித்ததாம். அந்த மனுஷன் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

"திங்கக்கெழமையோட புள்ளைய நிறுத்திருவோம்னு சொல்லிட்டாரு."

ஓமனா சேச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

அவரவர் கைன்னுதானே சொன்னேன்? ஏன்டி சுபாஷிணி, இந்த ஆட்டம் உனக்குத் தேவையா? 'அ'வும் 'ஆ'வும் எழுதிப் போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கக் கூடாதா? — ஆனால் அந்தச் சாயாக்கடை சேட்டனின் முகத்தை நினைத்தால்… ஐயோ, சிரிப்பு அழவும் விடமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 8, சனி

அழுதுவிட்டேன். கொஞ்சம்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

பாண்டியராஜன் வந்தார். தேய்த்த சட்டை; மகளைக் கையில் பிடித்திருந்தார். என் நெஞ்சுக்குள்தான் இப்போது யாரோ குதித்தார்கள்.

தரையைப் பார்த்தபடியே பேசினார். "பஸ்ஸுல நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்குறவங்க எந்திரிச்சுப் போவாங்க டீச்சர். இப்ப என் புள்ளையும் என் வேர்வையச் சொல்லிச் சிரிக்குதுன்னு நெனைச்சேன். நேத்துதான் கேட்டேன், ஏன் பாப்பா அப்படிக் கத்துனேன்னு. 'ரொம்ப வேலை செஞ்சாத்தானே ரொம்ப உப்பு வரும், அதான் நீ ஃபர்ஸ்ட்டு'ன்னுச்சு."

மகளின் கையை என் கையில் கொடுத்தார்.

"அது இங்கனயே இருக்கட்டும் டீச்சர். இன்னைக்கு என்ன வெளையாட்டு?"

மூச்சு என்றேன். சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். நாலு வயதுக்காரர்களோடு ஓடிக் கடைசியாக வந்தார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று லீவு. ஆனாலும் பாண்டியராஜன் ஓடிய கதை பரவி, முற்றத்தில் பிள்ளைகள் பதினொன்று, அப்பாக்கள் நாலு, அம்மாக்கள் ஆறு. மாதம் முடிந்தும் என்னைப் போகச் சொல்லாத ஓமனா சேச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்தார். மூன்றாவது சுற்றில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்களோடு ஓடினார்.