என் சக்கரை வேறு, அவன் சக்கரை வேறு

2 மார்ச் 2025, ஞாயிறு

முதல் நோன்பு. கடையில் தையல்காரர்கள் கூட்டம் இப்போதே தொடங்கிவிட்டது. பட்டன், ஜிப், லைனிங் துணி என்று பெருநாள் வரை மூச்சுவிட நேரமிருக்காது.

யாசீன் இந்த வருஷம் முப்பது நோன்பும் வைப்பானாம். எட்டாம் வகுப்புப் படிக்கிறான், போன வருஷம் இருபத்திரண்டு வைத்தான். "பாப்போம்டா" என்றேன். உள்ளுக்குள் பெருமைதான். ஒரே பிள்ளை, என்னை மாதிரியே வீம்பு. எனக்கு ஒன்பது வருஷமாகச் சக்கரை. நோன்பு வேண்டாம் என்று டாக்டர் வருஷா வருஷம் சொல்கிறார். நானும் வருஷா வருஷம் தலையாட்டிவிட்டு வந்து வைக்கிறேன்.

9 மார்ச், ஞாயிறு

யாசீன் இளைத்துவிட்டான். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டு நேரத்தில் பெரிய பாட்டில் தண்ணீரை ஒரே ஆளாகக் காலி செய்கிறான். "ராத்திரி நாலு தடவ எந்திரிச்சு ஒண்ணுக்குப் போறான். டாக்டர்ட்ட காட்டுவமா?" என்கிறாள் என் மனைவி ஹஃபீஸா. அம்புட்டுத் தண்ணியைக் குடித்தால் போகாமல் என்ன செய்வான்? நோன்பென்றால் தாகமும் இளைப்பும் இருக்கத்தான் செய்யும். அவளுக்கு எதற்கெடுத்தாலும் டாக்டர்.

12 மார்ச், புதன்

பாத்ரூமில் எறும்பு மொய்க்கிறது என்றாள். எனக்குப் பகீரென்றது. என் மூத்திரத்தில் சக்கரை போகிறதோ என்று பயந்து லேப்புக்கு ஓடினேன். 118. "பிரமாதம்ணே" என்றான் லேப்காரப் பையன். அப்பாடா. பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லிவிட்டேன்.

14 மார்ச், வெள்ளி

மனசு சரியில்லை.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் போனேன். பள்ளிவாசலில் கைகால் கழுவும் குழாயில் வாயை வைத்து யாசீன் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். மடக் மடக்கென்று, மாடு குடிக்கிற மாதிரி. எத்தனை நாளாக இப்படி? நோன்பு என்று எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டு! அறைந்துவிட்டேன். நாலு பேர் பார்த்தார்கள்.

"தாகம் தாங்கலத்தா" என்றான்.

"எல்லாருக்குந்தான்டா தாகம்" என்றேன். அழவில்லை அவன். தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போய் நின்றான்.

15 மார்ச், சனி

இன்று ஒழுங்காக இருந்தான். வாய் கொப்பளிக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கண்டித்தால்தான் சரிப்படுகிறது.

17 மார்ச், திங்கள்

யாசீன் ஐசியூல. காலைல இருந்து வாந்தி. மூச்சு இழுத்து இழுத்து வாங்குறான். வாயில அழுகுன பழ வாடை. சக்கரை 562ன்னு சொல்றாங்க. என்னோட ரிப்போர்ட்ட பாக்குறீங்களான்னு கேட்டேன் — மாத்திப் பாத்துட்டாங்களோன்னு. பதிமூணு வயசுப் பிள்ளைக்கு எப்படி? யா அல்லாஹ், என் பிள்ளைய விட்டுரு.

19 மார்ச், புதன்

கண் திறந்தான். ஹஃபீஸாவைப் பார்த்தான். என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். சக்கரையில் பல வகை இருக்கிறதாம். "உங்களுக்கு இருக்கிறது ரெண்டாவது வகை. உடம்புல இன்சுலின் சுரக்குது, ஆனா சரியா வேலை செய்யல. அதனால மாத்திரை, நடைப்பயிற்சின்னு ஓட்டுறீங்க. பையனுக்கு வந்திருக்கிறது முதல் வகை. இன்சுலின் சுரக்கிற செல்லை அவன் உடம்பே அழிச்சிருச்சு. ஊசி இல்லாம அவனால உயிரோட இருக்க முடியாது." வாழ்நாள் பூராவும்.

"இனிப்பு நெறையாத் தின்னான், அதனாலயா?" என்றேன். இல்லையாம். "என்கிட்டருந்து வந்துச்சா?" அப்படியும் சொல்ல முடியாதாம். "நோன்பாலயா?" நோன்பால் இந்த நோய் வராது, வாரக்கணக்காகவே உள்ளே இருந்திருக்கிறது என்றார்.

நான் குழாயடி விஷயத்தைச் சொன்னேன். ஏன் சொன்னேனோ. யாராவது என்னைத் திட்டட்டும் என்று இருந்தது போல. அந்தம்மா திட்டவில்லை. "தண்ணி குடிச்சதாலதான் இத்தன நாள் தாக்குப்பிடிச்சிருக்கான்" என்றார்.

வீட்டில் இருப்பதே மூணு பேர். எறும்பு எனக்கு வரவில்லையென்றால் வேறு யாருக்கு வந்தது? ஒரு நிமிஷம் யோசிச்சியாடா அலீம்? ஒன்பது வருஷமா சக்கரை வச்சிருக்கேன், தெருவுக்கே புத்தி சொல்றேன். என் வீட்டுல கண்ணு அவிஞ்சு போச்சு.

31 மார்ச், திங்கள்

பெருநாள். ஐந்து நாளாக வீட்டில் இருக்கிறான். போன மாதம் அளவு கொடுத்துத் தைத்த சட்டை, அதற்குள் இன்னொரு ஆள் நுழையலாம். ஹஃபீஸா ஊசி நூலோடு உட்கார்ந்து தோளைப் பிடித்துத் தைத்தாள். தைத்துக்கொண்டே அழுதாள்.

11 ஏப்ரல், வெள்ளி

பக்கத்துக் கடை முத்துக்கருப்பன் பாகற்காய்ச் சாறு கொண்டுவந்தார். "இத ஒரு மண்டலம் குடுங்கண்ணே, ஊசிய நிப்பாட்டிறலாம்." நல்ல மனுஷர். கத்திவிட்டேன். பிறகு அவரையே உட்காரவைத்து, டாக்டரம்மா சொன்ன மாதிரியே சொன்னேன். "ரெண்டுக்கும் ஒரே பேரா வச்சுத் தொலைச்சிருக்காங்களேண்ணே" என்றார். என் மாத்திரையில் பாதியை அவனுக்குக் கொடுத்தால் போதாதா என்று நானும் ஆஸ்பத்திரியில் கேட்டவன்தானே.

20 ஜூன், வெள்ளி

ஒரு நாளைக்கு நாலு ஊசி. ஹஃபீஸா போடலாம், அவனே போட்டுக்கொள்வான். நான் கை நீட்டினால் "நானே போட்டுக்கிறேந்தா" என்று திரும்பிக்கொள்கிறான். மரியாதைக்குக் குறைவில்லை. எது சொன்னாலும் "சரிங்கத்தா". ஆனால் அவனாக ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் கேள்வி கேட்டே கழுத்தை அறுப்பான்.

மன்னிச்சிருடா என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்று தடவையும் "சரிங்கத்தா."

18 பிப்ரவரி 2026, புதன்

நாளை நோன்பு. யாசீன் இந்த வருஷம் வைக்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவனையே கூட்டிப்போனேன். "நோயாளிக்கு மார்க்கமே சலுகை குடுத்திருக்கு தம்பி. உடம்பைக் கெடுத்துக்கிட்டு வைக்கச் சொல்லல" என்றார். யாசீன் "சரிங்க ஹஜ்ரத்" என்றான். நிம்மதி.

24 பிப்ரவரி, செவ்வாய்

மத்தியானம் அவன் வாத்தியார் செல்வக்குமார் போன் செய்தார். வகுப்பில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி விழுந்துவிட்டானாம். சக்கரை 41. நாங்கள் கொடுத்துவைத்திருந்த குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துப் பிழைக்கவைத்திருக்கிறார். புண்ணியவான்.

நேற்றிலிருந்து சாப்பாட்டை இன்னொரு பையனுக்குக் கொடுத்திருக்கிறான். சஹர் நேரத்தில் எழுந்தால் தெரிந்துவிடும் என்று அதுவும் சாப்பிடவில்லை. அம்மா முன்னால் பேருக்கு ரெண்டு இட்லியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் போட்டிருக்கிறான். ஊசி மட்டும் ஒழுங்காக. வெறும் வயிற்றில் போட்டால் அது சக்கரையை அடியோடு இறக்கிவிடும்.

"ஏண்டா? எதுக்குடா?"

"போன வருசம் நான் பொய் சொன்னேன்னு நெனச்சீங்கல்ல. பன்னெண்டு நோன்பு நெசமாவே வச்சேந்தா. அன்னிக்கு மட்டுந்தான் குடிச்சேன்."

ஹஃபீஸா எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். பன்னிரண்டு நாள். அந்தத் தாகத்தோடு பன்னிரண்டு நாள் என் பிள்ளை நோன்பு வச்சிருக்கான். நான் அவனைப் பொய்யன்னு அறைஞ்சேன்.

28 பிப்ரவரி, சனி

யாசீனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கண் முன்னால் இருக்கட்டும் என்று கடைக்குக் கூட்டி வந்தேன். ஒரு மணிக்கு ஹஃபீஸா கட்டிக் கொடுத்த டப்பாவைப் பிரித்து வைத்தேன். தொடவில்லை. "நீங்க நோன்பு. நா மட்டும் எப்படித்தா?"

இன்று நான் நோன்பு வைக்கவில்லை. நேற்று என் டாக்டரையும் ஹஜ்ரத்தையும் பார்த்துப் பேசிவிட்டுத்தான் முடிவெடுத்தேன். எனக்கும் சலுகை இருக்கிறது. இத்தனை வருஷமாக வீம்புக்குத்தான் தள்ளிவிட்டிருந்தேன். அவனிடம் சொன்னேன், நம்பவில்லை. ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வாயில் போட்டேன். ரம்ஜான் மாதத்தில் பட்டப்பகலில், திறந்த கடையில். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளினேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். தெருவில் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் ஆள் ஒருவர் போனார். யாசீன் சட்டென்று டப்பாவை லைனிங் துணிக்குள் தள்ளினான். நான் வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து, அவர் பார்க்கவே இன்னொரு வாய் சாப்பிட்டேன்.

பாதிச் சாப்பாட்டில் யாசீன் நிமிர்ந்தான். "அத்தா, நீங்க மாத்திரை போட்டீங்களா?"

மறந்திருந்தேன். பையில் இருக்கிறது என்று கைகாட்டினேன். அவன் எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தான்.