அந்த ஒரு வரியை அச்சடிக்கவில்லை, மதினி

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு பிரஸ்ஸை நானும் அண்ணனும்தான் பார்த்துக்கொள்கிறோம். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது. அதற்கு நடுவே ஒரு சின்ன நோட்டீஸால் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

சாத்தூர் வக்கீல் மாரிச்செல்வத்தை உங்களுக்குத் தெரியுமே. காசா போரைக் கண்டித்து நடத்தவிருந்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். சில வெளிநாடுகளில் யூத வெறுப்பைத் தடுக்கச் சட்டம் கொண்டுவருகிறார்கள். அதை வைத்தே இஸ்ரேல் அரசைக் கண்டிப்பவர்களின் வாயையும் அடைக்கிறார்கள் என்பது அவர் வாதம். நோட்டீஸைப் படித்தேன். பெரும்பாலும் எனக்கும் சம்மதம்தான். ஆனால் நடுவில் ஒரு வரி: யூதர்கள் பிறவியிலேயே நெஞ்சில் ஈரமில்லாதவர்களாம்.

"இந்த வரிய மட்டும் எடுத்துருங்க சார்" என்றேன்.

"அங்கன சட்டம் போட்டு வாயப் பொத்துதாக. இங்கன நீங்களுமா? பேச்சுரிமைக்கு நோட்டீஸ் அடிக்க வந்தா, என் பேச்சையே வெட்டுதீக!"

"அந்த அரசாங்கத்த எம்புட்டு வேணும்னாலும் கேளுங்க, அடிச்சுத் தாரேன். பொறப்பச் சொல்லி ஏசுறத எங்க மெசின்ல ஏத்த மாட்டேன். வேற பிரஸ்ஸுல அடிச்சுக்கோங்க, நான் தடுக்கல."

தாளை உருவிக்கொண்டு போய்விட்டார்.

அப்போது உங்கள் நினைவுதான் வந்தது மதினி. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலை வெடி விபத்தில் உங்கள் தம்பி இறந்தபோது, பாதுகாப்பில்லாமல் வேலை வாங்கிய முதலாளியிடம் நியாயம் கேட்டு நோட்டீஸ் எழுதினீர்கள். உங்கள் சித்தப்பா அந்த முதலாளியின் சாதியைத் திட்டி ஒரு வரி சேர்த்தார். அழுது வீங்கிய முகத்தோடு நீங்களே அதைக் கோடு போட்டு நீக்கினீர்கள். அப்படியும் முதலாளியின் ஆட்கள் வாசலில் வந்து, "எங்க சனத்தையே கேவலப்படுத்திட்டீக" என்று கத்தினார்கள்.

"ஒரு ஆளு செஞ்சதக் கேக்கேன். ஒங்க சனத்தக் கேக்கல. கேக்குறத நிறுத்தவும் மாட்டேன்" என்றீர்கள். எங்கிருந்து வந்தது உங்களுக்கு அந்தத் தெம்பு?

அந்த வாரமே மாரிச்செல்வம் திரும்பி வந்தார். மற்ற பிரஸ்களில் பயந்துபோய் நோட்டீஸையே வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"அந்த வரிய எடுத்துட்டேன். ஆனா நீங்க சொன்னது எனக்குச் சம்மதமில்ல. அதையும் சொல்லிருதேன்."

"சம்மதிக்க வேண்டாம் சார். உக்காருங்க."

அண்ணன்தான் குதித்தார். "நமக்கெதுக்குத்தா இந்த வம்பு? கேசுன்னு வந்தா ஒரு கம்பெனி ஆர்டர் தங்குமா?" அவருடைய பயமும் பொய்யில்லை. ஆனாலும் அடித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

கூட்டத்துக்கு நானும் போனேன். ஒரு டீச்சர் எழுந்து, "யூதர் கோயில் செவத்துல அசிங்கமா எளுதுதாகளே, அவுகளக் காப்பாத்தச் சட்டம் வேண்டாமா?" என்றார். "அந்தச் சட்டம் யாரு கையில இருக்கும்?" என்றார் மாரிச்செல்வம். இரண்டும் நியாயமான கேள்விகள். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

திடீரென்று அவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இங்கனயும் அரசாங்கத்தக் கேள்வி கேக்குறதே வெறுப்புன்னு சட்டம் வந்தா, என்ன செய்வீக?"

எழுந்து நின்றேன். "அப்பவும் அடிப்பேன் சார். நோட்டீஸுக்கு அடியில எங்க பிரஸ் பேரும் இருக்கும்."

உட்காரும்போதுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் அண்ணன். எப்போது வந்தாரோ! வெளியே வந்ததும், "வண்டியில ஏறுத்தா, காலைல லோடு அனுப்பணும்" என்றார். திட்டவில்லை.

மதினி, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நியாயம் கேட்டு யார் வந்தாலும், அது எவ்வளவு பெரிய ஆளை எதிர்த்தாலும், நம் மெஷின் ஓடும். யாருடைய பிறப்பையாவது ஏச வேண்டும் என்று நம் சொந்தக்காரரே வந்தாலும், நானே நிறுத்துவேன்.

உங்களுடன் கூடப் பிறக்காத தங்கை,
உங்கள் நாத்தனார் செல்வி