எந்தப் பக்கமும் தூக்காத கை

“டாங்கி செய்யுற ஊர்ல நின்னுகினு, ஆயுதமே வாணாம்னு பாடம் நடத்துறியே வாத்யாரே, உனக்கே சிரிப்பு வரல?”

முப்பது வருடங்களுக்கு முன்பு ஆவடி டீக்கடையில் நீ கேட்டது இது. இன்று காலை எங்கள் முகப்பேர் குடியிருப்பின் லிப்ட் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியாட்களையும் லிப்டில் விடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். அதைப் படித்ததிலிருந்து உன் குரல்தான் காதில். உட்கார முடியவில்லை. பால்கனிக்கும் கூடத்துக்குமாக நடந்துவிட்டு, இரண்டு தாளைக் கிழித்துப் போட்டு, மூன்றாவது தாளில் இதை எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது.

அன்று நீ டாங்கித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, நகக்கண்ணில் கிரீஸோடு வந்திருந்தாய். நான் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துவிட்டு வந்திருந்தேன். அணுகுண்டு பற்றி வகுப்பில் சொல்வது போலவே உனக்கும் ஓர் உதாரணம் சொன்னேன். “தெருவுல நாலு பேர் கையில மட்டும் தடி இருக்கு. வேற யாரும் தடி எடுக்கக் கூடாதுன்னு அந்த நாலு பேரே சட்டம் போடறாங்க. நம்ம நாடு என்ன சொல்லுது? நீயும் கீழ வை, எல்லாருக்கும் ஒரே சட்டமா இருக்கட்டும்னுது. அதுவரைக்கும் நம்ம வாசலை நாமதானே காக்கணும்?”

“நாயமாத்தான் கீது,” என்று டீயை ஊதினாய்.

ஐ.நா. என்கிற உலக சபையில் குட்டித் தீவுக்கும் ஒரு ஓட்டு, பெரிய நாட்டுக்கும் ஒரு ஓட்டு என்று சொன்னபோது உனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. “எங்கப்பன் பண்ணையார் தெருவுல செருப்பைக் கையில தூக்கினு போன ஆளு. இங்க தீவுக்கும் தேசத்துக்கும் ஒரே ஓட்டா? சோக்கா கீதே,” என்றாய்.

ஆனால் நீ அதோடு விடுகிற ஆள் இல்லை. ஏதோ ஒரு நாட்டில் ஜனங்களை அடித்து நொறுக்கியதைக் கண்டிக்க அந்தச் சபையில் தீர்மானம் வந்தது; நம் நாடு எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய்.

“அடி வாங்குறவனுக்கு இன்னா சொல்றோம் வாத்யாரே? நாங்க அந்தாண்ட பாத்துகினு இருந்தோம்னா?”

நான் பொறுமையாக விளக்கினேன். மனித உரிமை பேசுகிற பெரிய நாடுகள் வேண்டியவனை விட்டுவிடுகின்றன, வேண்டாதவனைத்தான் கண்டிக்கின்றன. சோறும் வேலையும்கூட உரிமைதான் என்று நாம் சொன்னால் காதில் வாங்குவதில்லை. நமக்கோ எண்ணெய் வேண்டும், உரம் வேண்டும், எல்லையில் அமைதி வேண்டும். இதெல்லாம் உண்மை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அடி வாங்குகிறவனுக்கு என்ன சொல்வது என்ற உன் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

நாம் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, நீ நூம்பலில் இருக்கும் உன் வீட்டிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயோடு முதல் முறையாக இந்த வீட்டுக்கு வந்தாய். லுங்கியும் தோளில் துண்டுமாக வந்த உன்னை, வெளியாட்களுக்கு லிப்ட் கிடையாது என்று காவலாளி பின்படிக்கு அனுப்பிவிட்டார். நாலாவது மாடி. உன் முழங்கால் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். வாசலில் நின்று மூச்சு வாங்கினாய்.

“உன் ஊட்டுக்கு வர்றதுக்கு விசா எடுக்கணுமா வாத்யாரே?” என்று சிரித்தாய். தண்ணீர் குடித்து முடித்த பிறகு கேட்டாய்: “இந்தச் சட்டம் போட்டப்ப நீ இருந்தியா?”

“இருந்தேன்.”

“கை தூக்கினியா?”

“எந்தப் பக்கமும் தூக்கல.”

நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பெரிய தேசம்தான்யா நீ,” என்றாய், அவ்வளவுதான்.

மறுநாளே காவலாளியிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவைத்தேன். அதனால் பயன் இல்லை. அதன் பிறகு நீ மாடிக்கு வரவே இல்லை. கேட்டில் நின்று போன் செய்வாய், நான் இறங்கி வருவேன், தெருமுனைக் கடையில் டீ குடிப்போம். உனக்கு மட்டும் சலுகை வாங்கித் தந்தால் போதும் என்று நான் நினைத்தது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று, இரண்டு வருடம் உன்னோடு டீ குடித்தும் கேட்கவில்லை.

இப்போது இந்தக் கூட்டம் செல்வியால் வந்தது. எங்கள் குடியிருப்பில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறவள். போன மாதம் பின்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தங்களையும் லிப்டில் விடச் சொல்லி, கட்டுப்போட்ட கையோடு மனு கொடுத்தாள். செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி.யில் இருக்கிறார், நல்ல பையன்தான். மதியம் வீட்டுக்கு வந்து, “சார், உங்களை எல்லாரும் மதிக்கறாங்க. நீங்க போன தடவை மாதிரி நடுநிலையா இருந்துட்டாப் போதுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதுவதை இங்கே நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போய்வந்தேன்.

எழுந்து நின்று பேசினேன். உன் முழங்காலைப் பற்றிச் சொன்னேன். “சார், இது அபார்ட்மெண்ட், உலக சபை இல்ல,” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். எங்கள் பக்கம் ஒன்பது கை, எதிரே பதினொன்று. மூன்று பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். அந்த மூன்று பேர்மேல் எனக்குக் கோபப்படத் தெரியவில்லை.

வெளியே செல்வி நின்றிருந்தாள். “தோத்துட்டோமாமே சார். பரவால்ல, அடுத்த மாசமும் குடுக்குறேன். கை தூக்க மறந்துடாதீங்க,” என்றாள்.

பின்படி வழியாகவே ஏறி வந்தேன். இரண்டாவது மாடியில் விளக்கு இல்லை; கைப்பிடி ஆடுகிறது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்கு அது தெரியாது.

வாத்தியார் புத்தி போகாது; நீ படிக்கப்போவதில்லை, அதனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கட்டடத்தில் சிலருக்கு மட்டும் என்று ஒரு படி ஒதுக்கியிருந்தால், நாளைக் காலை ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அதன் வழியாக உங்கள் வீட்டுக்கு ஏறிப் போங்கள்.