பதினான்கு என்பது நான்தான்

அனுப்புநர்
கேட்டுக்காரர்,
பழைய சாயப் பட்டறை வாயிற்காவலர் (ஓய்வு),
மேல்தெரு, கடைசி வீடு.

பெறுநர்
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: தங்கள் அமைதிக் கல்வித் துறை வெளியிட்ட "இரு தெருக்களின் நினைவுகள்" நூலில் என்னைப் பதினான்காம் எண்ணாக மறைத்திருப்பதை நீக்கி, நான் சொன்னதைச் சொன்னபடியே அச்சிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி நூல், பக்கம் 61.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எழுதியதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். ஆகவே இதில் பிழை இருந்தால் அது என்னுடையது.

1. மேல்தெருவுக்கும் கீழ்த்தெருவுக்கும் நடுவேயுள்ள சந்து வழியை அடைத்து முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு சுவர் நிற்கிறது. கலவரம் நடந்த மறுவாரம் நகராட்சி எழுப்பியது. கீழ்த்தெருப் பிள்ளைகளுக்குச் சந்து வழியே பள்ளிக்கூடம் நான்கு நிமிட நடை. இப்போது சுற்றிக்கொண்டு வர அரை மணி ஆகிறது. இரு தெருவிலும் தலா முப்பது வீடுகள் ஒப்பமிட்டுக் கொடுத்தால், வரும் 27ஆம் தேதி சுவரை இடிப்பதாக நகராட்சி ஒப்புக்கொண்டுள்ளது.

2. இது இவ்வளவு தூரம் வந்ததற்குத் தங்கள் துறையே காரணம். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பேராசிரியையும் ஆறு மாணவர்களும் பூட்டிக் கிடந்த தபால் நிலையத்தைத் திறந்து உட்கார்ந்தார்கள். அதற்குத் தெருவுக்கொன்றாக இரண்டு வாசல். மாலையில் இரு தெருப் பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரு தெரு ஆட்களோடும் இறங்கிச் சாக்கடையை அள்ளினார்கள். புதன்கிழமைதோறும் பெரியவர்களைக் கூட்டிப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். முதல் நாள் நான் கேலி பேசத்தான் போனேன். "இவங்க பாஸாக நாமதான் பாடப் புஸ்தகமா?" என்று கேட்டேன். பேராசிரியை, "ஆமாங்கய்யா, நீங்க கொஞ்சம் கஷ்டமான பாடம்" என்றார். மறுவாரமும் போனேன்.

3. அந்த அறைக்கு ஒரே ஒரு விதி. ஒருவர் சொன்னதை, எதிரில் இருப்பவர் அவர் ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தன் பதிலைத் தொடங்கலாம். பலருக்குத் திருப்பிச் சொல்வதற்குள்ளேயே பாதிக் கோபம் இறங்கிவிடும்.

4. மூன்று ஆண்டுகளுக்கு முன், அந்த அறையில் கீழ்த்தெருத் தையல்காரர் முன்னிலையில் நான் சொன்னது இது. கலவரத்தன்று பிற்பகல் இரண்டே கால் மணி. பட்டறைச் சங்கு ஊதி முடிந்திருந்தது. கீழ்த்தெருக்காரர்கள் ஒன்பது பேர் எங்கள் வாசலை நோக்கி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் தையல்காரர், இருபத்திரண்டு வயது, கழுத்தில் அளவு நாடா தொங்கியது. "அண்ணே, உள்ளே விடுங்கண்ணே" என்றார். திறந்திருந்த கதவை இழுத்துப் பூட்டினேன். அவர்களைத் துரத்தி வந்தவர்கள் என் தெருக்காரர்கள். தையல்காரரின் இடது முழங்கால் அன்றோடு போயிற்று. முதலாளி பூட்டச் சொன்னார் என்று இருபத்தெட்டு ஆண்டுகள் சொல்லிவந்தேன். முதலாளி அன்று ஊரிலேயே இல்லை. பூட்டியது நான், யாரும் சொல்லிப் பூட்டவில்லை.

5. தையல்காரர் இரண்டு புதன்கிழமைகள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். மூன்றாவது புதன்கிழமை நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒன்பது இல்லண்ணே, பத்து. எங்க அண்ணி பின்னாடி வந்தாங்க, அவங்களால வேகமா ஓட முடியல" என்றார். அன்றிலிருந்து என் கணக்கிலும் பத்துதான். பிறகு அவரே அந்தக் காலை இழுத்துக்கொண்டு தம் தெருவில் வீடு வீடாக ஏறி, "கேட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரு, இனி சுவரு எதுக்கு?" என்று பேசினார். நாற்பத்திரண்டு வீடுகளில் முப்பத்தெட்டு ஒப்பமிட்டன. எங்கள் மேல்தெருவில் முப்பது முன்பே சேர்ந்திருந்தது.

6. சென்ற மாதம் நூல் வந்தது. அவர் தம் கடையில் பத்துப் பேரைக் கூட்டி வைத்து 61ஆம் பக்கத்தைப் படித்தார். "பங்கேற்பாளர் 14, ஒரு பணியாளர், ஒரு கட்டடத்தின் நுழைவாயில் அவ்வேளையில் திறந்திருக்கவில்லை என நினைவுகூர்ந்தார்" என்று அதில் இருக்கிறது. "எந்தக் கட்டடம்ப்பா? எந்தப் பணியாளரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "துணிய அளக்குறதுல மட்டும்தான் நீ சரி போல" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். பதினோரு வீடுகள் ஒப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டன. இப்போது இருப்பது இருபத்தேழு. சொன்ன சொல்லை நான் மாற்றிவிட்டதாகத் தையல்காரரும் நம்புகிறார். தெருமுனையில் பார்த்தபோது, "பயந்துட்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தார்.

7. பேராசிரியைமேல் எனக்குப் புகார் இல்லை. ஒப்புதல் படிவத்தை அவர் வரிவரியாக வாசித்துக் காட்டினார். நான்காவது வரி, பெயரும் அடையாளமும் பாதுகாப்புக் கருதி வெளியிடப்படாது என்பது. "இந்த வயசுல என்னை யாரும்மா தூக்கிட்டுப் போகப் போறா?" என்றேன், இருவரும் சிரித்தோம், ரேகை வைத்தேன். பாதித் தவறு என்னுடையது. விதியை மாற்ற முடியாது என்று துறைக் குழு சொல்வதாக இப்போது அவர் வருந்துகிறார். அந்த விதியும் நல்ல விதிதான். அதே நூலில் ஒன்பதாம் எண்ணாக இருக்கும் பெண் மறைந்தே இருக்கட்டும். அவருக்கு அது வேண்டும். ஆனால் என்னை மறைத்ததில் அடிபட்டது தையல்காரர். ஏற்கெனவே ஒரு தடவை அடிபட்டவர்.

8. ஆகவே, 61ஆம் பக்கத்தைத் திருத்தித் தர வேண்டுகிறேன். என் சொந்தப் பெயரைப் போட்டால் இரு தெருவிலும் யாருக்கும் விளங்காது. "சாயப் பட்டறைக் கேட்டுக்காரர்" என்று போட்டால் போதும். அன்று நான் சொன்னதில் ஒன்பது பேர் என்பதை மட்டும் பத்து ஆக்கவும். மறு அச்சுக்கு நாளாகுமென்றால் துண்டுத் தாளில் அடித்துக் கொடுங்கள். இருநூறு பிரதிகளிலும் மாணவர்களோடு உட்கார்ந்து நானே ஒட்டுகிறேன். 20ஆம் தேதிக்குள் கிடைத்தால், தையல்காரர் கடையில் அதை ஒருவர் வாசிக்க, பக்கத்தில் நான் நிற்பேன். மூன்று வீடுகள்தான் ஐயா குறைகிறது. அது கிடைத்துவிடும்.

9. சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது தங்கள் துறை. தையல்காரர் அதைச் செய்துவிட்டார். பல்கலைக்கழகமும் செய்யும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய படிவத்தில் வழக்கப்படி இடது பெருவிரல் வைத்தேன். இந்த மனுவையே புதிய ஒப்புதலாகக் கொள்ளவும். இதில் வைத்திருப்பது வலது பெருவிரல். பூட்டியது அந்தக் கை.

இடம்: மேல்தெரு
நாள்: இம்மாதம் 9, புதன்கிழமை

இப்படிக்கு,
(வலது பெருவிரல் ரேகை)
கேட்டுக்காரர்

எழுதியவர்: மருமகள்