பார்க்காமல் வாசித்தவள்

ஜூன் 3

அன்புள்ள கிளிப்பிள்ளைக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பியானோவில் ஒரே பகுதி மூன்று முறை வந்தால், அப்படித்தான் எழுதியிருக்கிறது போலும் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். வேலையில் இருந்தபோது எனக்கே ஒருநாள் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு நடுவழியில் நின்றுபோனது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை.

இசை மன்றச் செயலாளர் இருபத்திரண்டாம் தேதிக்கு உன்னையே மறுபடி கேட்கிறார். இந்த முறை இசைத்தாளை எதிரில் வைத்துக்கொள்ளேன். சின்ன வயதிலிருந்தே தாளைப் பார்த்து வாசிக்கும் என்னை, பரீட்சையில் பிட்டு அடிக்கிறவள் என்பாய்; பார்க்காமல் வாசிக்கும் உன்னை நான் கிளிப்பிள்ளை என்பேன். நீயும் ஒருநாள் அடித்துவிட்டுப் போ. கேலி செய்ய மாட்டேன்.

அன்புடன்,
உன் பிட்டு அக்கா

ஜூன் 7

அக்கா,

யாரும் கவனிக்கவில்லையாம்! ஓட்டப் பந்தயத்தில் விழுந்து எழுந்து கடைசியாக வரும் குழந்தைக்குத் தட்டுவார்களே, அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியாதா? முதல் வரிசையில் என் மாணவர்கள். "தாளை மூடு, விரலுக்கு ஞாபகம் இருக்கணும்" என்று தினமும் நான் திட்டுகிற பிள்ளைகள்.

அந்தப் பகுதி இரண்டு தடவை வரும். முதல் தடவை ஆரம்பத்துக்கே திரும்ப வேண்டும். இரண்டாம் தடவை ஒரு சுரம் மேலே ஏறி வெளியே வர வேண்டும். அந்த ஒரு சுரம் விரலில் இல்லை. சொந்தத் தெருவிலேயே வீடு தெரியாதவள் மாதிரி சுற்றினேன்.

மூன்றாம் சுற்றில் நீ உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அந்தச் சுரம் மெல்லக் கேட்டது. நீதான் முணுமுணுத்தாய். எடுத்துக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். 'இவகிட்ட பிட்டு வாங்கிப் பாஸாகணுமா?' என்று ஒரு வீம்பு. பாதியில் எழுந்து போனேன். மறந்ததைக்கூட விடு. நீ கைகொடுத்தும் கேட்காத மாதிரி இருந்தேனே, எந்த முகத்தோடு உன்னிடம் பேசுவேன்? செயலாளரிடம் முடியாது என்று சொல்லிவிடு.

தங்கை

ஜூன் 10

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் முணுமுணுத்தது நானில்லை.

பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா இருந்தார். நீ மூன்றாவது முறை தொடங்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் சாய்ந்து, "உங்க தங்கச்சியா? அச்சு அசல் உங்க ஜாடை," என்றார்.

"இல்லீங்க, யாருன்னே தெரியாது," என்றேன். கைப்பையில் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டேன். உனக்கு அந்தச் சுரத்தை எடுத்துக் கொடுத்தவர் அவர். முன்பின் அறியாதவர்.

எதற்கும் ஓர் உதாரணம் சொல்கிறவள் நான். இதற்கு ஒன்றும் வரவில்லை.

அக்கா

ஜூன் 14

அக்கா,

படித்ததிலிருந்து உன்மேல் எரிந்துகொண்டிருக்கிறேன். அணையவில்லை. மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

செயலாளரிடம் வருகிறேன் என்று நானே சொல்லிவிட்டேன். தாளை வைத்துத்தான் வாசிக்கப்போகிறேன், பிள்ளைகளும் பார்க்கட்டும். பக்கம் திருப்ப ஆள் வேண்டும். மேடையில் என் இடப்பக்கம் ஒரு ஸ்டூல் போடுவார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுந்து நிற்க வேண்டும், விளக்கு முகத்தில் அடிக்கும். தொடங்குமுன், "பக்கம் திருப்புகிறவர், இவருடைய அக்கா" என்று மைக்கில் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

முடியாது என்றால் இப்போதே சொல். வேறு ஆள் பார்க்க வேண்டும்.

தங்கை