கொட்டகையில் சுற்றிய பொம்மை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் லாரியில் கிளம்பியதிலிருந்து மாடு கொட்டகைக்குள் நுழைய மறுத்தது. உங்கள் அண்ணிதான் ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று அவளிடம் சண்டை போட்டேன். "நான் இன்னாடி வெச்சேன்? உன் வூட்டுப் பக்கமே வரல" என்றாள். நான் நம்பவில்லை.

நேற்று பாப்பா மாட்டுக்குப் பக்கத்தில், மாட்டைப் போலவே கையூன்றி முட்டிபோட்டுப் போனாள். மாடு நின்ற இடத்தில் அவளும் நின்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். "சுத்துது" என்றாள். மலைக்காற்றில் சுற்றியது நீங்கள் கிளம்பும்போது கொட்டகை முகப்பில் கட்டிவிட்டுப் போன திருஷ்டிப் பொம்மை. கழற்றியதும் மாடு உள்ளே போனது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒன்றும் புரியாது என்றீர்களே.

வீட்டு முன்வாசலில் நீங்கள் முன்பே கட்டியிருந்ததும் அதே மாதிரிப் பொம்மைதான். அதனால்தான் அவள் பின்வாசல் வழியாகவே வந்திருக்கிறாள். பிடிவாதம் என்று அடித்தீர்கள்.

அதையும் கழற்றிவிட்டேன். இப்போது முன்வாசலில்தான் வருகிறாள். நீங்கள் வந்த பிறகு எந்த வாசலில் வருகிறாள் என்று பார்க்கப்போகிறேன்.

இப்படிக்கு,
அவள் அம்மா